ஈசிஆர்ல டேபிள் புக்கிங்: ஏழரை மணின்னா ஏழரையா, ஒன்பதா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்து சனி ஞாயிறுல குடும்பத்தோட கடற்கரை ரெஸ்டாரன்ட்டுக்குக் கிளம்பற எல்லாருக்கும் இந்த த்ரெட். வீட்ல ஒருத்தருக்காவது சுகர் இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. நீளமா இருக்கும். கொஞ்சம் காரமாவும் இருக்கும்.

நேரா விஷயத்துக்கு வரேன். "உங்கள் டேபிள் உறுதி செய்யப்பட்டது"ன்னு மெசேஜ் அனுப்பி, முன்பணமும் வாங்கிக்கிட்டு, வந்தவங்களை வாசல்ல ஒன்றரை மணி நேரம் நிக்க வைக்கிறது இப்போ சகஜம் ஆயிடுச்சு. நாமளும் "வீக்கெண்ட்னா அப்படித்தான்"னு பழகிட்டோம். பழகக் கூடாதுங்கிறேன். சாப்பாட்டு நேரத்தைக் காசு வாங்கிக்கிட்டு உறுதி சொல்றவங்க, அந்த நேரத்துக்குப் பொறுப்பு ஏத்துக்கணும். அதை நம்பி இன்சுலின் போட்டுக்கிட்டு வர்றவரும் அந்த வரிசையில நிக்கிறார்.

"இதெல்லாம் பணக்காரங்க பிரச்சினை, ஜிஎச் டாக்டர் எதுக்கு இதுல மூக்கை நுழைக்கிறார்"னு சிலர் கேப்பீங்க. யார் போறாங்கன்னு பாருங்க. நம்ம பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். கடல்தான் கிடையாது. அதனால பையன் முதல் சம்பளம் வாங்கினா, அப்பா ரிட்டயர் ஆனா, அம்மாவுக்கு அறுபது முடிஞ்சா, எல்லாரும் வண்டியைக் கிழக்கே திருப்பறாங்க. எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருக்கிறவர், டேங்க் ஃபேக்டரியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஐடியில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன பொண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை போறவங்க. வாராவாரம் போறவருக்கு டேபிள் தள்ளிப்போனா ஒரு சாயங்காலம் கெடும், அவ்வளவுதான். அவர்கிட்ட மேனேஜர் நம்பரும் இருக்கும். வருஷத்துல ஒரு நாள் அம்மாவை அலை சத்தம் கேக்கற மாதிரி உட்கார வெச்சு சாப்பிட வைக்கணும்னு போறவருக்குத்தான் எல்லாமே போகும்.

தூரத்தையும் கணக்குப் பண்ணுங்க. ஆவடிக்காரங்க நெமிலிச்சேரியில வெளிவட்டச் சாலை ஏறி வண்டலூர்ல இறங்கி, கேளம்பாக்கம் வழியா கோவளம் போகணும். அம்பத்தூர்க்காரங்க மதுரவாயல் பைபாஸ்ல பெருங்களத்தூர் வரைக்கும் போய் அதே வண்டலூர் ரோட்டைப் பிடிக்கணும். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பிடிக்கும். மாமல்லபுரம்னா இன்னும் கூட. பாண்டிச்சேரின்னா அது தனிப் பயணம். ஏழரைக்கு டேபிள்னா அஞ்சு மணிக்குக் கிளம்பணும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருப்பாங்க. "ராத்திரி நல்லா சாப்பிடப் போறோமே"ன்னு நாலு மணி டிபனைத் தள்ளிவிட்டிருப்பாங்க. அதாவது ரெஸ்டாரன்ட் வாசலுக்கு வரும்போதே வயிறு ஆறு மணி நேரமா காலி.

இப்போ மருத்துவம். நான் வெறும் எம்பிபிஎஸ்தான், சர்க்கரை நோய் நிபுணர் கிடையாது. ஆனா இதைச் சொல்ல எம்பிபிஎஸ் தாராளமா போதும்.

அரசு மருத்துவமனையில நாங்க நிறைய பேருக்குக் கொடுக்கிறது 30/70 கலவை இன்சுலின். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். போட்ட அரை மணியில வேலையை ஆரம்பிச்சுடும், அடுத்த சில மணி நேரம் வேகமா இருக்கும். சாப்பாடு வந்துச்சா, ஆர்டர் எடுத்தாங்களா, கிச்சன் பிஸியான்னு அது பார்க்காது. ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கிட்டே போகும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளும் கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற வகைதான். போட்டுட்டு சாப்பிடலைன்னா சர்க்கரை இறங்கும். (மெட்பார்மின் மட்டும் சாப்பிடறவங்க பயப்பட வேண்டாம், அதுல தாழ்சர்க்கரை வர்றது அபூர்வம்.)

70 மில்லிகிராமுக்குக் கீழ போனா தாழ்சர்க்கரை. முதல்ல வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல். இன்னும் இறங்கினா பேச்சு குழறும், சம்பந்தமில்லாம பேசுவாங்க, நடை தள்ளாடும். அதுக்கும் கீழ போனா வலிப்பு, மயக்கம். பிபிக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் சரியா தெரியாது. வியர்வை ஒண்ணுதான் காட்டிக் கொடுக்கும். கடற்கரையில யாருக்குத்தான் வியர்க்கலை? யாரும் கவனிக்க மாட்டாங்க.

பேச்சுக் குழறல், தள்ளாட்டம். ஈசிஆர்ல சனிக்கிழமை ராத்திரி ஒருத்தர் இப்படி இருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? அதேதான் நடந்தது.

எங்க ஓபியில திங்கட்கிழமைகள்ல இந்த மாதிரிக் கதைகள் வரும். ஒண்ணு சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். எந்த ரெஸ்டாரன்ட்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அறுபது தாண்டினவர், பல வருஷமா இன்சுலின். டோஸ், நேரம் எல்லாத்துலயும் கறாரான மனுஷன். மகன் ஆப்ல ஏழரைக்கு ஆறு பேருக்கு டேபிள் போட்டு முன்பணமும் கட்டிட்டார். இவர் ஏழு மணிக்கு கார்லயே ஊசி போட்டுக்கிட்டார், சொல்லிக் கொடுத்தபடி சரியா அரை மணி முன்னாடி. ஏழரைக்கு உள்ளே போனா "பத்து நிமிஷம் சார்". எட்டு மணிக்கும் "பத்து நிமிஷம் சார்". எட்டேகாலுக்கு அவருக்கு சட்டை நனைஞ்சிடுச்சு. வாசல்ல இருந்த பையன்கிட்ட ஏதோ கேக்கப் போய் வார்த்தை குழறியிருக்கு. அந்தப் பையன் மகனைக் கூப்பிட்டு, "சார், அப்பாவைக் கொஞ்சம் கார்ல உட்கார வைங்க, மத்த கெஸ்ட்டுக்குத் தொந்தரவா இருக்கு"ன்னு சொல்லியிருக்கான். குடிச்சிருக்கார்னு முடிவே பண்ணிட்டான். வாழ்நாள்ல தொட்டதில்லை அவர்.

மருமகளுக்கு மட்டும் சந்தேகம் வந்து, பேரன் கையில இருந்த மாம்பழ ஜூஸை வாங்கி அவருக்குக் குடிக்க வெச்சிருக்காங்க. கால் மணி நேரத்துல ஆள் தெளிவாயிட்டார். எட்டு ஐம்பதுக்கு டேபிள் வந்துச்சு. சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துட்டாங்க. முன்பணம் திரும்ப வரலை. "கெஸ்ட் தாமா கிளம்பிப் போயிட்டாங்க"ன்னு பதில்.

அவர் என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: "நான் ஊசியைத் தப்பா போட்டேனா டாக்டர்?" இல்லைய்யா. நீங்க நேரத்தைச் சரியா கடைப்பிடிச்சீங்க. கடைப்பிடிக்காதது எதிர்த்தரப்பு.

இது ஆயிரத்துல ஒருத்தர் கதையும் இல்லை. ஐசிஎம்ஆர் நாடு முழுக்க நடத்தின இந்தியாப் ஆய்வு 2023ல வெளியாச்சு. இந்தியாவுல சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டுல 14.4 சதவீதம், ஏழு பேர்ல ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. நாம ஆசையா வார இறுதிக்கு ஓடற புதுச்சேரியில 26.3 சதவீதம், நாட்டிலேயே மிக அதிகமான இடங்கள்ல ஒண்ணு. எல்லாரும் இன்சுலின் போடறவங்க இல்லை, ஒத்துக்கறேன். ஆனா தாத்தா பாட்டியோட ஒரு குடும்பம் பெரிய டேபிளா புக் பண்ணினா, அதுல சுகர்காரர் ஒருத்தர் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இது தெரியாம சாப்பாட்டுத் தொழில் நடத்த முடியுமா?

அதைவிட மோசம், காத்திருக்கும்போது சொல்ற அந்த அன்பான வார்த்தை: "டேபிள் ரெடியாகற வரைக்கும் பார்ல உட்காருங்க சார்." ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சா கல்லீரல் தன் கையிருப்புல இருந்து எடுத்துக் கொடுக்கும், புதுசாவும் தயாரிக்கும். மது அந்தத் தயாரிப்பை முடக்கிடும். வெறும் வயித்துல, இன்சுலின் போட்டவர், ரெண்டு பெக். தாழ்சர்க்கரைக்கு இதைவிடக் கச்சிதமா ஏற்பாடு பண்ண முடியாது. அப்புறம் அவர் சாய்ஞ்சா "ஓவராயிடுச்சு"ன்னு எல்லாரும் சிரிப்பாங்க.

"அப்போ ஊசியை டேபிளுக்கு வந்தப்புறம் போட வேண்டியதுதானே டாக்டர்?" போடுங்க. கீழ அதையும் சொல்றேன். ஆனா அது நீங்க உங்களைக் காப்பாத்திக்கிற வழி. நேரம் சொல்லிட்டு ஏமாத்தினவங்களுக்கு அது சால்ஜாப்பு ஆகாது.

சரி, இது ஏன் நடக்குது? புக் பண்ணிட்டு வராதவங்க நிறைய. அதனால இருக்கிற டேபிளை விட அதிகமா புக்கிங் எடுக்கிறாங்க. எல்லாரும் வந்துட்டா கூட்டம் வாசல்ல. கூடவே, கடலைப் பார்த்த நல்ல டேபிள்ல சிலது ஆப்லயே காட்டப்படாது. "தெரிஞ்சவங்க" வந்தா கொடுக்க ஒதுக்கி வெச்சிருப்பாங்க. நீங்க ஏழரைல இருந்து நிப்பீங்க, எட்டு மணிக்கு ஒரு கார் வரும், மேனேஜர் வாசலுக்கே வந்து கைகுலுக்கிக் கூட்டிட்டுப் போவார்.

வரிசை உடையறதைப் பத்தி ஜிஎச் டாக்டர் பேசலாமான்னு கேட்பீங்க. தாராளமா பேசலாம். எங்க இடத்துலயும் வரிசை உடையும். காலையில ஆறு மணிக்கு வந்து ஓபி சீட்டு போட்டவர் உட்கார்ந்திருக்க, இப்போதான் வந்தவரை ஸ்ட்ரெச்சர்ல உள்ளே தள்ளிட்டுப் போவோம். அவருக்கு நெஞ்சு வலி, மூச்சு வாங்குது. பார்க்கிற யாரும் சண்டை போட மாட்டாங்க, வழிதான் விடுவாங்க. கவுன்சிலர் லெட்டரோட வர்றவரும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. அவரை உள்ளே விட்டா வரிசையில இருக்கிற அத்தனை பேரும் சத்தம் போடுவாங்க. போடணும். ஈசிஆர்ல மட்டும் ஏன் சத்தம் போடாம நிக்கிறோம்? அங்கே காசு வேற கொடுத்திருக்கோம்.

என்கிட்டயே நண்பர்கள் கேப்பாங்க, "டாக்டர்னு சொல்லி ஒரு டேபிள் போட்டுக் கொடேன்"னு. மாட்டேன். எனக்கு ஒரு டேபிள் முன்னாடி வந்தா ஆவடியில இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அரை மணி பின்னாடி போகும்.

அடுத்து, அதிக புக்கிங் எடுக்கிறது தொழில் தந்திரம், எல்லாத் துறையிலயும் இருக்குங்கிற வாதம். இருக்கு. விமான நிறுவனங்களும் சீட்டுக்கு மேல விக்கிறாங்க. ஆனா அங்கே டிஜிசிஏ விதி இருக்கு. உறுதியான டிக்கெட்டோட நேரத்துக்கு வந்த பயணியை அதிக புக்கிங் காரணமா ஏத்தாம விட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள மாற்று விமானமும் தரலைன்னா இழப்பீடு கொடுக்கணும், 20,000 ரூபாய் வரைக்கும். ரெஸ்டாரன்ட்ல நீங்க பதினைஞ்சு நிமிஷம் லேட்டா போனா டேபிள் போச்சு, முன்பணமும் போச்சு. அவங்க எண்பது நிமிஷம் லேட் பண்ணா? "சாரி சார், வீக்கெண்ட் ரஷ்." இந்த ஒருதலைக் கணக்குதான் எனக்கு ஆகலை.

நியூயார்க்ல இது வேற மாதிரி முத்திப்போச்சு. பிரபல ரெஸ்டாரன்ட் டேபிளை புக் பண்ணி வெச்சுக்கிட்டு, நம்ம ஊர் சினிமா பிளாக் டிக்கெட் மாதிரி வெளியில வித்தாங்க. 2024 டிசம்பர்ல சட்டமே போட்டுட்டாங்க, ரெஸ்டாரன்ட்டோட ஒப்பந்தம் இல்லாம மூணாவது ஆள் புக்கிங்கை விக்கக் கூடாதுன்னு. டேபிள் புக்கிங் சட்டம் போடற அளவுக்குப் பெரிய விஷயமான்னு சிரிக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

நம்ம ஊர்லயும் கையில ஒண்ணுமே இல்லாம இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல "நியாயமற்ற ஒப்பந்தம்"னு ஒரு வரையறை இருக்கு. அளவுக்கு மீறின முன்வைப்புத் தொகை கேக்கறதும், நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம் போடறதும் அதுல வரும். சொன்ன சேவையைச் சொன்னபடி தராதது சேவைக் குறைபாடு. 1915க்குப் போன் போட்டு முதல்ல புகார் பதியலாம். அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது.

சர்வீஸ் சார்ஜ் கதையும் இதோட சேர்ந்ததுதான். பில்லுல தானா சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்னிக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு. உணவக சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டாங்க. 2025 மார்ச்ல டில்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிடுச்சு. அதையும் எதிர்த்து மேல்முறையீடு போயிருக்காங்க. ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சுட்டு 10 சதவீதம் "சேவைக் கட்டணம்". எந்தச் சேவைக்குன்னு கேளுங்க, எடுத்துடுவாங்க.

நம்ம பக்கம் தப்பு இல்லையா? இருக்கு, நிறையவே. மூணு இடத்துல டேபிள் போட்டுட்டு, கிளம்பும்போது "எங்கே போலாம்"னு யோசிக்கிறவங்க, போகாத ரெண்டு இடத்துக்கு ஒரு மெசேஜ் கூட அனுப்பாதவங்க இந்த த்ரெட்டுக்கு லைக் போட வேண்டாம். நீங்கதான் அவங்களுக்கு சாக்கு. ஆறு பேர்னு சொல்லிட்டுப் பதினோரு பேர் போறதும் அப்படித்தான்.

இன்னொண்ணு. மெரினாவுலயோ பட்டினப்பாக்கத்துலயோ மீன் வறுக்கிற அக்கா கடையில புக்கிங் கிடையாது, ஆப் கிடையாது. "எவ்ளோ நேரம் ஆகும்க்கா?"ன்னா "அஞ்சு நிமிசம் கண்ணு"ம்பாங்க, பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துல தட்டு வந்துடும். முடியாதுன்னா "இன்னும் நாலு பேர் முன்னாடி இருக்காங்க"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்களால அது முடியலைங்கிறதை நான் நம்ப மாட்டேன்.

நான் கேக்கறது பெரிய விஷயமே இல்லை. சொன்ன நேரம் தாண்டி இருபது நிமிஷம் ஆச்சுன்னா, காத்திருக்கிறவங்களுக்குச் சாப்பிட ஏதாவது கொண்டு வந்து கொடுங்க. ஒரு பிரட், ஒரு சூப், நாலு பஜ்ஜி, எதுவானாலும் சரி. முக்கால் மணி தாண்டினா, கிளம்பறவங்க கேக்காமலே முன்பணத்தைத் திருப்புங்க. இதை புக்கிங் மெசேஜ்லயே எழுதுங்க. வாசல்ல நிக்கிற பையன்கிட்ட தாழ்சர்க்கரைன்னா என்னன்னு பத்து நிமிஷம் சொல்லிக் கொடுங்க. அவன்மேல எனக்குக் கோபம் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லலை, "பத்து நிமிஷம் சார்"னு சொல்ல மட்டும்தான் பழக்கியிருக்காங்க.

அவங்க செய்யற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:

புக் பண்ணும்போதே போன்ல கேளுங்க: "ஏழரைக்கு வந்தா ஏழரைக்கு உட்கார வைப்பீங்களா? எங்க வீட்ல இன்சுலின் போடறவர் இருக்கார்." அதையே ஆப்ல குறிப்பு எழுதற இடத்துலயும் போடுங்க. பின்னாடி புகார்னா அதுதான் உங்க சாட்சி. வந்து சேர்ந்த நேரத்துக்கு வாசல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி நாலு மணிக்கு ரெண்டு இட்லியோ சுண்டலோ சாப்பிட வைங்க. இன்சுலினை கார்ல போடாதீங்க. டேபிள்ல உட்கார்ந்து, ஆர்டர் கொடுத்து, முதல் தட்டு கண்ணுல பட்டதும் போடுங்க. அரை மணி முன்னாடி போடற வகைன்னா அன்னிக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கப்புறம் சர்க்கரை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஒரு வேளை ஏறினதை அப்புறம் சரி பண்ணிக்கலாம், ஈசிஆர் நடுவுல 40க்கு இறங்கினா கஷ்டம். உங்க டோஸுக்கும் மாத்திரைக்கும் என்ன மாத்தணும்னு உங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

பையில குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு. வியர்வை, நடுக்கம், குழறல் வந்தா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் இல்லேன்னா சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க, அதுவும் இல்லேன்னா அரை டம்ளர் ஜூஸ். டயட் கோலா உதவாது, அதுல சர்க்கரையே கிடையாது. சாக்லேட்ல கொழுப்பு இருக்கிறதால மெதுவாத்தான் ஏறும். பதினைஞ்சு நிமிஷம் பாருங்க, தெளியலைன்னா மறுபடி அதே அளவு. தெளிஞ்சதும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்குப் போடுங்க, "சுகர் பேஷன்ட், இன்சுலின் போட்டிருக்கார்"ங்கிறதை முதல் வரியிலயே சொல்லிடுங்க.

இன்சுலின் போடறவங்களை வெச்சுக்கிட்டு இந்த மாதிரி வாசல்ல நின்ன அனுபவம் இருக்கிறவங்க கமென்ட்ல எழுதுங்க. எத்தனை மணிக்கு புக்கிங், எத்தனை மணிக்கு உட்கார்ந்தீங்க, முன்பணம் எவ்வளவு, திரும்ப வந்ததா. ரெஸ்டாரன்ட் பேர் வேண்டாம், அதை 1915ல சொல்லுங்க.